ஒரு மனசுக்கு ரெண்டு மனசு வட்டி

எங்கள் ஆயா (அம்மாவைப் பெற்றவர்) வீடு செட்டிநாட்டில், கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. முகப்பில் நின்றால் பட்டாலை (முன்கூடம்), வளவு (நடு முற்றம்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கதவுக்குக் கதவு நேராகப் பார்வை ஓடி, பின்வாசல் வழியாக அடுத்த தெரு தெரியும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அவ்வளவு பெரிய வீட்டில் ஆயாவும் துணைக்கு ஒரு அம்மாவும் மட்டும்தான். கல்யாணம், படைப்பு என்றால் வளவில் கால் வைக்க இடம் இருக்காது.

2012 தை மாதம், என் தங்கை கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது நடந்தது இது. மனகோலமும் சீப்புச் சீடையும் சுட்டு டின்னில் அடைத்து முடித்த ராத்திரி. கை கால் ஓய்ந்துபோய் எல்லோரும் வளவுப் பத்தியில் ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் ஏதாவது படம் போடச் சொல்லி நச்சரித்தார்கள். நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறவள். திங்கட்கிழமை வகுப்புக்காக ஒரு புரொஜெக்டரும் ஒரே ஒரு டிவிடியும் பையில் இருந்தன. ஷேக்ஸ்பியரின் 'மச் அடோ அபவுட் நத்திங்', பிபிசி 1984 டிசம்பரில் ஒளிபரப்பிய தொலைக்காட்சி வடிவம். அம்மானின் (தாய்மாமனின்) வெள்ளை வேட்டியை இரண்டு தூண்களுக்கு நடுவே இழுத்துக் கட்டினோம். பிள்ளைகள் பத்தே நிமிஷத்தில் தூங்கிவிட்டார்கள். பெரியவர்கள் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. இரண்டரை மணி நேரம் நான் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பதினைந்து வருஷம் வகுப்பில் நடத்திய நாடகம் அது. எனக்கு அது முழுசாகப் புரிந்தது அன்றைக்குத்தான். எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போய், இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிசிலித் தீவில் மெசினா என்ற ஊர். அங்கே லியோனாட்டோ என்ற பெரிய மனிதரின் வீடு. சண்டை முடிந்து இளவரசர் டான் பெட்ரோ தன் ஆட்களோடு அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறார். கூட வந்த கிளாடியோவுக்கு லியோனாட்டோவின் மகள் மேல் ஆசை. அந்தப் பெண்ணின் பெயர் ஹீரோ. கல்யாணம் பேசி முடிக்கிறார்கள். இன்னொரு ஜோடி, லியோனாட்டோவின் உடன்பிறந்தார் மகள் பெயாட்ரிஸும், வந்தவர்களில் ஒருவனான பெனடிக்கும். இவர்கள் இரண்டு பேரும் பார்த்தாலே வாய்ச்சண்டை. கல்யாணமே வேண்டாம் என்று ஆளுக்கொரு சபதம். 'அவள் உன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள்' என்று அவன் காதில் விழும்படியும், 'அவன் உனக்காக உருகுகிறான்' என்று அவள் காதில் விழும்படியும் மற்றவர்கள் பேசிவைத்து, இரண்டு பேரையும் சேர்க்கிறார்கள். இதற்கு நடுவில் ஹீரோவின் நடத்தை சரியில்லை என்று ஒருவன் பொய் ஜோடிக்க, கிளாடியோ கல்யாண மேடையிலேயே அவளை உதறிவிடுகிறான். உண்மை வெளியே வந்து எல்லாம் நல்லபடியாக முடிகிறது.

நாடகத்தின் முதல் காட்சியில் ஒரு கடிதம் வருகிறது. இன்று ராத்திரி வருகிறார்கள் என்ற சேதி. நான் அதைச் சொன்னதும் ஆயா நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு யாரு வாராக? கப்பல்லயா?" என்று கேட்டார். ஆயாவின் அப்பச்சி, அதாவது அப்பா, ரங்கூனில் கடை வைத்திருந்தவர். ஆம்பிளைகள் கடல் தாண்டிக் கொண்டுவிக்க (வியாபாரத்துக்கு) போன வீட்டில் கடிதம் வந்தால், அடுப்படி முதல் முகப்பு வரை வீடு எப்படி மாறும் என்று ஆயாவுக்குத் தெரியும். திரையில் பெண்கள் யார் யார் வருகிறார்கள் என்று கேட்கும்போதே, பெயாட்ரிஸ் மட்டும் ஒருத்தனைப் பற்றிக் கேலியாக விசாரிக்கிறாள். "இவ அவனுக்காகத்தான் கேக்குறா" என்றார் ஆயா. அப்போது பெனடிக் திரைக்கே வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் பிள்ளைக்கு அப்பச்சி ஆத்தா இல்லையா?" என்று கேட்டார். நான் திகைத்துப்போனேன். பெயாட்ரிஸின் பெற்றோரைப் பற்றி நாடகம் கிட்டத்தட்ட எதுவும் சொல்வதில்லை. தான் பிறந்தபோது அம்மா அழுதாள், அந்த நேரம் ஒரு நட்சத்திரம் ஆடியது என்று அவளே ஓரிடத்தில் சொல்வதோடு சரி. அவளுடைய சொத்து என்ன, அவளுக்கு வரன் பார்க்கப் பொறுப்பானவர் யார் என்று எங்கேயும் பேச்சில்லை. மாணவர்களுக்கு நான் அவளைத் துணிச்சல்காரி, அறிவாளி என்றெல்லாம் விளக்கியிருக்கிறேன். சித்தப்பா வீட்டிலோ பெரியப்பா வீட்டிலோ வளர்கிற பிள்ளை, வாயை வைத்துத்தான் தனக்கு ஒரு இடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. ஆயாவுக்கு அரைமணி நேரத்தில் தோன்றிவிட்டது.

அடுத்து வந்ததுதான் அன்றைக்கு ராத்திரியின் உச்சம். முகமூடி நடனம் முடிந்த பிறகு டான் பெட்ரோ பெயாட்ரிஸிடம், பெனடிக்கின் மனசை இழந்துவிட்டாயே என்கிறார். அவள் பதில் சொல்கிறாள். அவன் முன்பு ஒரு தடவை அதை எனக்குக் கடனாகக் கொடுத்தான், நானும் வட்டியோடு திருப்பிக் கொடுத்தேன், அவனுடைய ஒரு மனசுக்கு என் மனசு இரண்டு மடங்காக. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருப்பது 'யூஸ்' என்ற சொல். அந்தக் காலத்தில் அதற்கு வட்டி என்று பொருள். இன்றைய பதிப்புகளில் அடிக்குறிப்பு போட்டால்தான் மாணவர்களுக்கு விளங்கும். நான் யோசிக்காமல், "கடனாக் கொடுத்தான், ஒரு மனசுக்கு ரெண்டு மனசா வட்டி கட்டுனேங்குறா" என்று சொல்லிவிட்டேன்.

வளவே சிரித்தது. எங்கள் பெரிய அம்மான் மலேசியாவில் ஈப்போவில் ஒரு மார்க்காவில் (வட்டிக் கடையில்) பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை எடுபிடியாகச் சேர்ந்து, முதலாளின் அடுத்த நிலையான அடுத்தாள் வரைக்கும் வந்தவர். அவர் தொடையில் தட்டி, "ஒண்ணுக்கு ரெண்டா? அது எந்த ஊரு வட்டி!" என்றார். சிரிப்பு அடங்குவதற்குள் ஆயா குரல் வந்தது. "அப்ப இது முன்னாடியே நடந்திருக்கு. வட்டி கட்டிக் கெட்டுப்போனவ இவ."

எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். நான் டிவிடியை நிறுத்திவிட்டேன். ஆமாம், முன்னாடியே நடந்திருக்கிறது. அவள் கொடுத்திருக்கிறாள், அவன் ஏமாற்றியிருக்கிறான். பிறகு வரும் அத்தனை வாய்ச்சண்டையும் வராக்கடனைப் பற்றிய பேச்சு. நாடக அரங்கில் இந்த வரி நொடியில் கடந்துபோய்விடும். அதற்கு முன்னும் பின்னும் சிரிப்பு வந்துகொண்டே இருக்கும். நடிகை எவ்வளவு நன்றாகச் சொன்னாலும் பதினைந்தாவது வரிசையில் இருப்பவருக்கு அவள் கண்ணில் என்ன வந்து போனது என்று தெரியாது. தொலைக்காட்சியில் தெரியும். பெயாட்ரிஸாக வரும் ஷெரி லங்கியின் முகம் எங்கள் வேட்டித் திரையில் ஓர் ஆள் உயரம் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஆயா கதையைப் படித்தார். மொழி தெரியாததால் முகத்தை மட்டுமே நம்பினார்.

இந்த நாடகத்தின் தொலைக்காட்சி வடிவங்களுக்கென்று ஒரு தனிக் கதை உண்டு. வகுப்பில் சொல்ல எனக்கு ரொம்பப் பிடித்த கதை. லண்டனில் நேஷனல் தியேட்டருக்காக ஃபிராங்கோ செஃபிரெல்லி இயக்கிய மேடை வடிவத்தை, மேகி ஸ்மித்தும் ராபர்ட் ஸ்டீஃபன்ஸும் நடிக்க, பிபிசி 1967-இல் ஒளிபரப்பியது. அந்த இரண்டு பேரும் அதே வருஷம் நிஜத்திலும் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஒளிப்பதிவு காணாமல் போனதாகவே பல காலம் நினைத்தார்கள். 2010-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பழைய பிரிட்டிஷ் தொலைக்காட்சி நாடகங்கள் அறுபதுக்கும் மேல் கிடைத்தபோது அதுவும் வெளியே வந்தது.

நியூயார்க்கில் நடந்தது வேறு மாதிரி. ஜோசப் பாப் தயாரிக்க ஏ.ஜே. ஆன்டூன் இயக்கிய மேடை நாடகம் 1972 நவம்பரில் இருந்து பிராட்வேயில் ஓடிக்கொண்டிருந்தது. அதையே தொலைக்காட்சிக்கு எடுத்து 1973 பிப்ரவரி 2 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்ட பிறகு டிக்கெட் வாங்க ஆள் வரவில்லை. சில நாட்களிலேயே மேடை நாடகத்தை நிறுத்திவிட்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். நல்ல வடிவம் என்று பெயர் எடுத்ததே மேடைக்கு எமனாகிவிட்டது.

அப்புறம் பிபிசி, ஷேக்ஸ்பியரின் 37 நாடகங்களையும் வரிசையாக எடுக்கத் திட்டமிட்டபோது முதலில் படம்பிடித்தது இந்த நாடகத்தைத்தான். பெனலோப்பி கீத், மைக்கேல் யார்க் நடித்தது. முழுசாக எடுத்து முடித்த பிறகு அதை ஒளிபரப்பாமலே ஓரங்கட்டிவிட்டார்கள். 1978-இல் தொடர் வேறொரு நாடகத்தோடு தொடங்கியது. ஆறு வருஷம் கழித்து, ஸ்டுவர்ட் பர்ஜ் இயக்கத்தில், ஷெரி லங்கியும் ராபர்ட் லிண்ட்சேயும் நடிக்க மறுபடி எடுத்ததுதான் என் பையில் இருந்த டிவிடி. முதலில் நடித்தவர்களை நினைத்தால் மனசு கேட்கவில்லை. அவர்களுடைய பெனடிக்கும் பெயாட்ரிஸும் யார் கண்ணிலும் படாமல் போய்விட்டார்கள்.

அந்த 37-இல் இரண்டு மட்டுமே வெளியிடங்களில் எடுத்தவை. மற்றதெல்லாம் ஸ்டூடியோ. என் மாணவர்கள் பார்த்தவுடன் "மேடம், செட்டுன்னு தெரியுது" என்பார்கள். தெரியட்டும். இந்த நாடகத்துக்கு மலையும் கடலும் வேண்டியதில்லை. அதற்கு வேண்டியது ஒரு வீடும், அந்த வீட்டில் மறைந்து நிற்க இரண்டு தூணும்தான். ஷேக்ஸ்பியர் காலத்து உச்சரிப்பில் 'நத்திங்' என்பதும் 'நோட்டிங்' என்பதும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும் என்கிறார்கள். நோட்டிங் என்றால் கவனித்தல், காதில் வாங்குதல். தலைப்பிலேயே ஒட்டுக்கேட்பது இருக்கிறது. கதையில் காதல் வருவதும் ஒட்டுக்கேட்டு, கல்யாணம் முறிவதும் ஒட்டுக்கேட்டு, கடைசியில் ராக்காவல்காரர்கள் உண்மையைக் கண்டுபிடிப்பதும் ஒட்டுக்கேட்டுத்தான். (அந்தக் காவல்காரர் வேஷங்களுக்கு 1600-ஆம் வருஷ அச்சுப் பிரதியில் ஓரிடத்தில் பாத்திரத்தின் பெயருக்குப் பதிலாக, கெம்ப், கௌலி என்று நடிகர்களின் பெயரே அச்சாகியிருக்கிறது. யார் நடிக்கப் போகிறார் என்று மனசில் வைத்தே எழுதியிருக்கிறார். எனக்குப் பிடித்த அச்சுப்பிழை.)

பெனடிக் ஒளிந்து நின்று கேட்கும் காட்சி மேடைக்கென்றே பிறந்தது. இந்தப் பக்கம் மூன்று பேர் வேண்டுமென்றே பேசுகிறார்கள், அந்தப் பக்கம் ஒருத்தன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நம் கண்ணில் படுவதுதான் அதன் சுகம். கேமரா ஒருவர் முகத்துக்குப் பக்கத்தில் போனால் மற்றவரை விட்டுவிட வேண்டியிருக்கும். இந்த ஒரு இடத்தில் தொலைக்காட்சி மேடையிடம் தோற்றுத்தான் போகிறது. அன்றைக்கு எங்கள் வீடு அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. திரைக்கு இரண்டு பக்கமும் நிஜத் தூண்கள். அதில் ஒன்றில் சாய்ந்தபடி என் தங்கை, பாதி முகம் நிழலில்.

பெயாட்ரிஸ் ஒட்டுக்கேட்கும் காட்சி அப்படி இல்லை. மற்ற பெண்கள் பேசிவிட்டுப் போன பிறகு அவள் தனியாகப் பேசுவது மொத்தம் பத்தே வரி. அதுவரைக்கும் உரைநடையில் வெட்டிப் பேசியவள், அங்கே மட்டும் எதுகை இயைந்த செய்யுளில் பேசுகிறாள். காதில் இது என்ன நெருப்பு என்று தொடங்குவாள். கேலி இல்லை, சிலேடை இல்லை. அந்தப் பத்து வரிக்கு நான் மொழிபெயர்க்கவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அது முடிந்ததும் ஆயா தன் கதையைச் சொன்னார். அதற்கு முன் நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஆயாவுக்குப் பதினாலு வயசில் பட்டாலையில் பெரியவர்கள் உட்கார்ந்து சம்பந்தம் பேசியபோது, அவர் வளவுக் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். மாப்பிள்ளை எந்தக் கோயில் (எங்களில் குலப் பிரிவு அதை வைத்துத்தான்), எந்த ஊர், இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம்) என்றைக்கு என்று எல்லாம் அங்கே நின்றுதான் தெரிந்துகொண்டிருக்கிறார். "என்னைய யாரும் கேக்கல ஆத்தா. நான்தான் கேட்டுக்கிட்டேன்" என்றார். இந்த வாக்கியத்தை ஒரு நாடகாசிரியன் எழுதியிருந்தால் அவன் பெயர் நிலைத்திருக்கும்.

தேவாலயக் காட்சி வந்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. நாளை மறுநாள் கல்யாணம். திரையில் மணப்பெண்ணை மேடையில் வைத்து ஒருத்தன் அவமானப்படுத்துகிறான். அயித்தை எழுந்து, "கல்யாண வீட்டுல இதையெல்லாம் போடலாமா, நிறுத்துத்தா" என்றார். நியாயமான பேச்சுதான். நான் ரிமோட்டைத் தேடினேன். "நிறுத்தாத. அந்தப் பிள்ளை என்ன ஆகுறான்னு பாக்கணும்" என்றார் ஆயா. நிறுத்தவில்லை.

எல்லோரும் போன பிறகு அந்த இடத்தில் பெயாட்ரிஸும் பெனடிக்கும் மட்டும் நிற்கிறார்கள். இரண்டு பேரும் காதலை ஒப்புக்கொள்கிறார்கள். உனக்காக எதை வேண்டுமானாலும் செய்யச் சொல் என்கிறான் அவன். அவள் இரண்டே வார்த்தையில் பதில் சொல்கிறாள். அதை என்னால் தமிழில் சொல்ல முடியவில்லை. கோலம் போட மாவரைத்து வைத்திருக்கும் வளவில் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? தாண்டிப் போகப் பார்த்தேன். ஆயா விடவில்லை. "ரெண்டு வார்த்தைதான் சொன்னா. அவன் மூஞ்சி செத்துப்போச்சு. என்ன சொன்னா?"

"கிளாடியோவைக் கொல்லுங்குறா ஆயா."

இந்த இடத்தில் மேடையில் பல தடவை சிரிப்பு வந்துவிடும். அதுவரைக்கும் சிரித்துப் பழகிய கூட்டம், இதையும் நகைச்சுவை என்று எடுத்துக்கொள்ளும். நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் காலங்காலமாக இருக்கும் பயம் அது. தொலைக்காட்சியில் கூட்டம் கிடையாது. வீட்டில் நாலு பேரோ நாற்பது பேரோ பார்க்கிறார்கள், ஒருவர் சிரிப்பு மற்றவரைத் தொற்றுவதற்குள் அந்த முகம் பேசிவிடுகிறது. அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மான் மெதுவாக, "வேற யாரு கேப்பா அவளுக்காக" என்றார். ஆயா தலையை மட்டும் ஆட்டினார். மேடை நகைச்சுவை தொலைக்காட்சிக்கு வந்தால் சிரிப்பை இழக்கும் என்று பொதுவாகக் குறை சொல்வார்கள். இழக்கிறதுதான். அந்த இழப்பில் இப்படி ஒன்று கிடைக்கும் என்றால் எனக்குச் சம்மதம்.

எங்கள் பக்கத்துக்கு இது புதுசும் இல்லை. பம்மல் சம்பந்த முதலியாரின் மேடை நகைச்சுவையை 1941-இல் 'சபாபதி' என்று படமாக்கிய ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடிக்காரர். மேடையில் இருந்ததைத் திரைக்குக் கொண்டுவந்தால் எது தங்கும், எது உதிரும் என்று எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அப்போதே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

முடிவுதான் வளவுக்குப் பிடிக்கவில்லை. கிளாடியோ வருத்தப்படுகிறான், முகத்தை மூடிய ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்யச் சம்மதிக்கிறான், திரையை விலக்கினால் அவள் ஹீரோவே. அயித்தைக்குக் கோபம் தாங்கவில்லை. "அவனுக்கேவா திரும்பக் கொடுக்குறாக? வேற வீடே இல்லையா?" இங்கிலாந்தின் முதல் சார்லஸ் மன்னர் தன்னிடம் இருந்த ஷேக்ஸ்பியர் தொகுப்பில் இந்த நாடகத்தின் பெயருக்குப் பக்கத்தில் 'பெனடிக், பெயாட்ரிஸ்' என்று தன் கைப்பட எழுதி வைத்திருந்தார். முதல் ஜோடியை அவராலும் ஏற்க முடியவில்லையோ என்னவோ. தங்கை எதுவும் சொல்லவில்லை. கல்யாணத்தன்று திருப்பூட்டும்போது (தாலி கட்டும்போது) அவள் மாப்பிள்ளையை நேருக்கு நேர் பார்த்தாள், அதை நான் கவனித்தேன்.

அடுத்த வருஷம், பிபிசி 2005-இல் எடுத்த இன்னொரு வடிவம் கிடைத்தது. டேவிட் நிக்கல்ஸ் எழுதியது. காலம் இன்றைக்கு, இடம் ஒரு வட்டாரத் தொலைக்காட்சியின் செய்தி அறை. சாரா பாரிஷும் டேமியன் லூயிஸும் செய்தி வாசிப்பவர்கள். அதில் ஹீரோ, திரும்பி வரும் கிளாடியோவைக் கட்டிக்கொள்ள முடியாது என்று சொல்லிவிடுகிறாள். பார்த்தவுடன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன்.

அன்றைக்கு வளவில் ஆயாவும் நானும் மட்டும். மேலே கம்பி வழியாக வெயில் இறங்கி, ஆத்தங்குடிக் கல்லில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் போட்டுக் காட்டினேன். ஆயா முழுசாகப் பார்த்தார். "சரிதான். இப்பத்தான் சரி" என்றார். அப்புறம் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "அந்தப் பழைய பிள்ளை இருக்காளா இதுல?" என்று கேட்டார்.

"இருக்கா ஆயா. எந்த இடம் போடணும்?"

"வட்டி சொல்லுவாளே."

தேடி எடுத்து லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பெயாட்ரிஸ் வாயைத் திறப்பதற்கு முன்பே ஆயா மெல்லச் சொன்னார், "ஒண்ணுக்கு ரெண்டு."